பஞ்சு ஆடும் நார்வால் நரியும்

பொறாமை என்பது எனக்குக் கிடையவே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி முதல் மார்க் வாங்கியபோதும், எனக்கு மாப்பிள்ளை பார்த்த அதே மாதத்தில் சித்தி மகளுக்கு என் மாப்பிள்ளையைவிட ஒரு சாண் உயரமான மாப்பிள்ளை அமைந்தபோதும், புயல் மழைக்கு எங்கள் வீட்டு முருங்கை முறிந்து பக்கத்து வீட்டு முருங்கை மட்டும் அசையாமல் நின்றபோதும், சிரித்த முகமாகவே இருந்தவள் இந்த லில்லிபுஷ்பம் என்பது பாளையங்கோட்டையில் மாதா கோயில் மேலத் தெருவுக்கே தெரியும். அதனால் செலஸ்டினுக்கும் அவள் தம்பி பெண்டாட்டிக்கும் நடுவில் நடந்த விஷயத்தை ஒரு பக்கமும் சாயாமல் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் எல்லா ஊருக்கும் டிசம்பர் இருபத்தைந்தில் வரும், எங்கள் தெருவுக்கு மட்டும் அதற்கு நாலு ஞாயிறு முன்னாலேயே செலஸ்டின் வீட்டில் வந்துவிடும். அன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள், சிநேகிதிகள், தெருவில் உள்ள சகல வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவோம். பெரிய கூடத்தில் பாய் விரித்து, பாய் மேல் பழைய பேப்பர் விரித்து, பற்பசைப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, தீக்குச்சி, பஞ்சு, ஜிகினாத் தாள், தேங்காய் நார் எல்லாம் குவித்து, நடுவில் ஒரு சட்டி மைதாப் பசையை வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷப் பொடியைக் கலந்து, கோயில் குடிலுக்கு வேண்டிய அத்தனை பொம்மைகளையும் அன்று ஒரே நாளில் ஒட்டி முடிப்போம். அதற்குக் குடில் வேலை என்று பெயர். மத்தியானம் தேங்காய்ப்பால் சோறும் கோழிக் குழம்பும் அவள் பொறுப்பு. போன வருஷத்தோடு பதினெட்டு வருஷம் ஆயிற்று.

யார் என்ன பொம்மை செய்வது என்பதற்கு டிபன் டப்பாவில் சீட்டு. இடையனோ ராஜாவோ மாடோ, சீட்டில் வந்ததைச் செய்ய வேண்டும். சீட்டு குலுக்கித்தான் எடுக்கிறோம், இருந்தாலும் பதினெட்டு வருஷமும் எனக்குக் கழுதைதான் வந்திருக்கிறது, அதற்கு யாரும் என்ன செய்ய முடியும்? இரண்டு மட்டும் சீட்டில் கிடையாது. ஒன்று ஒட்டகம், அதன் கழுத்து வளைவு செலஸ்டின் கைக்கு மட்டுமே வரும், எப்படி வருகிறது என்று கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்ல மாட்டாள். இன்னொன்று குழந்தை இயேசு. அது கடைசி வாரத்தில் அவள் தனியாக உட்கார்ந்து செய்வது. வெளிநாட்டில் இருக்கும் அவள் இரண்டு பையன்களும் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தார்களோ அந்த முகம் அதற்கு ஒவ்வொரு வருஷமும் வந்துவிடும். நடுச்சாமப் பூசையில் சாமியார் அந்தக் குழந்தையை வைக்கோலில் கிடத்தும்போது தெருவே செலஸ்டினைத் திரும்பிப் பார்க்கும், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், நான் பக்கத்தில் நிற்பேன். ஏனென்றால் அவள் வலது கைப்பக்கம் என் இடம். அவளுடைய பெரிய தையல் கத்தரியை அவள் தொடவிடுகிற ஒரே ஆள் நான்.

போன வருஷம் பிரிஸ்கா வந்தாள். செலஸ்டினின் தம்பி அமல்ராஜ் அந்த வைகாசியில்தான் அவளைத் திண்டுக்கல்லில் கட்டியிருந்தான். ஒல்லியான பெண், யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பாள், கத்தரிக்கோலைப் பாக்குவெட்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள். புதுசாக வந்தவளாயிற்றே என்று டப்பாவில் கைவிட்டு ஆட்டுச் சீட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம், ஏனென்றால் ஆடு சுலபம். ஒரு பற்பசைப் பெட்டி, நாலு தீக்குச்சி, மேலே பஞ்சு, கண்ணுக்கு இரண்டு கடுகு. அந்தச் சுலபமான ஆட்டையே அவள் ஒரு காலை ஒடித்து, ஒரு கண்ணைத் தொலைத்து, பசையை அள்ளி அப்பி, பஞ்சு ஒரு பக்கம் மலையாகவும் ஒரு பக்கம் சொட்டையாகவும் ஒட்டி வைத்தபோது, "முதல் தடவைதான, போவப் போவ வரும்" என்று செலஸ்டின் சொன்ன தொனியில் இனிமேலும் வராது என்பதும் சேர்ந்தே இருந்தது. பிரிஸ்கா எதிரே நின்ற ஒட்டகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், இன்னும் ஒரு பிடி பஞ்சை அள்ளி ஆட்டின் மேல் அப்பினாள், பிறகு அதைச் சுவரோரம் காயவைத்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது ஆடு எழுந்து நின்றுகொண்டிருந்தது. உடம்பை ஓர் உதறு உதறி, நொண்டி நொண்டி நடந்து, பாயில் விரித்திருந்த பேப்பரின் ராசிபலன் பக்கத்தை மேஷத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

"ஏ, பசைச் சட்டிய எடுங்க மொதல்ல, துத்தம் போட்டிருக்கு, தின்னு தொலைக்கப் போவுது!" என்று கத்தினார் செலஸ்டினின் வீட்டுக்காரர் சூசைமணி அண்ணன். தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், எந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தாலும் அசையாத மனுஷன்.

"தண்ணி வைக்கட்டுமா?" என்றேன் நான்.

"தண்ணி வைக்காத, பஞ்சு ஊறிப் போவும்" என்றார் அருளப்பன் சார். அவர் உபதேசியாரும் பள்ளிக்கூட வாத்தியாருமாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையது. தண்ணீர் வைக்கவில்லை.

கூடம் முழுவதும் ஆட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஆடு கும்ப ராசி வரைக்கும் தின்றுவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விட, பிள்ளைகள் கைதட்ட, பிரிஸ்கா வெட்கப்பட்டு முந்தானையைக் கடித்துக்கொள்ள, எல்லாருக்கும் பின்னால் ஒட்டகம் அந்த அழகான கழுத்தை வளைத்தபடி நின்றது, அதற்கும் பின்னால் செலஸ்டின் கையில் பாயசச் செம்போடு நின்றாள். பாயசம் வேண்டுமென்று ஒருத்தரும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் வீட்டுப் பாயசம் ஆறிப்போனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தெரு அந்த ஆட்டோடு வாழப் பழகிக்கொண்டது. தமிழ்ப் பேப்பர் தின்னும், இங்கிலீஷ் பேப்பரை முகர்ந்துவிட்டு வைத்துவிடும், கல்யாணப் பத்திரிகை என்றால் உயிர். வீட்டு வீட்டுக்குப் பரணில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை எடுத்து வந்து ஊட்டினார்கள், விவாகரத்து ஆனவர்களின் பத்திரிகையை மட்டும் அது தின்றதும் துப்பிவிடுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது, நான் பார்த்ததில்லை. மழை தூறினால் பாலிதீன் பை மாட்டிக் கூட்டிப் போனார்கள். காது வலிக்காரர்கள் அதன் முதுகிலிருந்து ஒரு பிசிறு பஞ்சு வாங்கிக் காதில் வைத்தால் வலி நின்றது. பாடகர் குழுவில் அதையும் சேர்த்தார்கள், சுருதி சேரவில்லை, ஆனால் சூசைமணி அண்ணனைவிடப் பரவாயில்லை என்றார்கள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து வாயைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "சீக்கு ஒண்ணும் இல்ல, உள்ள பசைதான் இன்னும் காயல" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் உள்ளங்கை அளவு ஆடு பூனை அளவு ஆகிவிட்டது.

டிசம்பர் சாயங்காலங்களில் பொம்மைக்குக் கை ஒட்டவில்லை, கிரீடம் நிற்கவில்லை என்று சந்தேகம் கேட்டு எல்லாரும் செலஸ்டின் வீட்டுக்குத்தான் வருவார்கள், அவள் பிளாஸ்கில் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்த வருஷம் எல்லாரும் மூன்று வீடு தள்ளிப் பிரிஸ்கா வீட்டுக்குப் போனார்கள். செலஸ்டின் பிளாஸ்கில் காப்பி போட்டாள், காத்திருந்தாள், நானும் அவளும் குடித்தோம், மிச்சத்தை வாழைக்கு ஊற்றினாள்.

"ஆடு நொண்டுது, கவனிச்சியாட்டி?" என்பாள். அவளுக்கு அதில் ஓர் ஆறுதல். பூக்காரியிடம் சொன்னாள், தபால்காரரிடம் சொன்னாள், பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லியிருப்பாள். மறுநாளே பிரிஸ்கா ஒரு மருந்து பாட்டில் தக்கையை அந்தக் காலுக்கு ஒட்டிவிட்டாள், ஆடு நிமிர்ந்து நடந்தது. அன்று செலஸ்டின் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, இப்படி ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வேப்பமரத்தடியில் வைத்து அருளப்பன் சார் பேச்சை எடுத்தார்.

"ஆட்டுக்கே உயிர் வந்திருக்கு. அப்போ குழந்தையையும் இந்த வருஷம் பிரிஸ்காவே செய்யட்டும். என்ன சொல்லுதிய?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழந்தை உயிரோடு வந்தால் பால் யார் கொடுப்பது, ரேஷன் கார்டில் யார் வீட்டில் சேர்ப்பது, தடுப்பூசிக்கு அப்பா பெயர் கேட்பார்களே என்ன எழுதுவது, அடுத்த வருஷம் இன்னொரு குழந்தை செய்தால் முந்தின குழந்தையை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருத்தர் பதிலும் வைத்திருந்தார்கள். அப்போது சூசைமணி அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "பிறந்துட்டுன்னே வச்சிக்கிடுங்க. பங்குனியில பெரிய வெள்ளி வருமே, சிலுவையில அறையணுமே, அப்போ என்ன செய்வீங்க?"

அதற்கு ஒருத்தரிடமும் பதில் இல்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சார் முடித்துவிட்டார். சாமியார் செலஸ்டினைப் பார்த்தார். பிரிஸ்கா தரையைப் பார்த்தாள், மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"செய்யட்டுமே" என்றாள் செலஸ்டின். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அடுப்படியில் உட்கார்ந்து வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பதினெட்டு வருஷம்ட்டி லில்லி. எம்பிள்ளைய போன்ல பாக்கேன், தொட முடியுதா? அந்த ஒரு வாரந்தான் கையில ஒரு பிள்ளை இருக்கும். அதையும் பிடுங்கிட்டாவளே."

நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள், மயில்துத்தப் பொட்டலத்தை எடுத்தாள், நீலமாக இருந்த அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விஷம் வைக்க நான் என்ன பாவியா?" என்று அவளே சொல்லிக்கொண்டு பொட்டலத்தை உள்ளே வைத்துப் பூட்டினாள். அதே அலமாரியிலிருந்து சூசைமணி அண்ணன் தபால் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழுப்புக் கவர்களையும் ஒரு கை தேங்காய் நாரையும் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் போனபோது அது ஏறக்குறைய முடிந்திருந்தது. பழுப்புக் கவரை மடித்து மடித்துச் செய்த உடம்பு, நாரைச் சீவி விட்ட வால், விடைத்த காது, உடைந்த சீப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒடித்துப் பதித்த பல். அப்படி ஒரு நரியை நான் நிஜத்திலும் பார்த்ததில்லை. ஒட்டும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, செபம் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன், செபம் இல்லை. "தின்னு, ஒரு பிசிறு விடாம தின்னு, தக்கையோட தின்னு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லைப் பதித்தாள். நரி அவள் விரலைக் கடித்தது.

ரத்தம் சொட்டுகிற விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"எனக்கும் வந்துட்டுட்டி! என்னையே கடிச்சிட்டு!"

அவளைக் கட்டிக்கொண்டு நானும் குதித்தேன். "இரு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுதேன்" என்று வாசலுக்கு ஓடினேன்.

"லில்லி, நில்லு." அவள் முகம் விழுந்துவிட்டிருந்தது. "எதுக்குச் செஞ்சன்னு கேட்டா என்ன சொல்ல? குடில்ல நரி ஏது? ஆட்டத் திங்கதுக்குச் செஞ்சேன்னு சொல்லவா?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. உலகத்துக்குக் காட்ட முடியாத ஒன்றில்தான் அவள் கைக்கு உயிர் வந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நரியைப் பார்த்தோம். நரி மூன்று வீடு தள்ளியிருந்த பிரிஸ்கா வீட்டுப் பக்கமாக மேற்கே பார்த்து உட்கார்ந்து உதட்டை நக்கியது.

பேப்பர் போட்டாள், தின்னவில்லை. நார் போட்டாள், தின்னவில்லை. பஞ்சு மட்டும் தின்றது. தன் தலையணையைக் கிழித்துப் போட்டாள். அது முடிந்ததும் அண்ணன் தலையணை, அதன் பிறகு விருந்தாளித் தலையணை நாலு, பிறகு கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. "என் தலையணைக்கு என்ன சீக்கா, நாளுக்கு நாள் இளைக்குது?" என்று அண்ணன் கேட்டார், இளைத்த தலையணையில் தூங்கினால் கழுத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டாள். நரிக்குப் பசி ஒரு நாளைக்கு ஒரு நாள் கூடியது. ஆட்டைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அன்று இரட்டிப்பாகத் தின்னும். அவள் அதைக் கொல்லைக் குளியலறையில் பூட்டி வைத்து, பகலெல்லாம் மெத்தையைப் பிய்த்துப் பிய்த்துக் கதவிடுக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போனாள். ஆனால் மடியில் போட்டுத் தடவிக் கொடுப்பாள், என் ராசா என்பாள், அது மறுபடியும் கடிக்கும். பிரிஸ்காவின் ஆட்டை அது தின்றுவிட வேண்டும் என்றுதான் செய்தாள், தின்றுவிடக் கூடாது என்று தன் படுக்கையையே கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பத்து பன்னிரண்டு நாள் ஓடியது.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் ஒரு தூக்கு அச்சுமுறுக்கோடு நான் போகிறேன், செலஸ்டின் தலைமுடி அவிழ எதிரே ஓடி வருகிறாள்.

"மெத்தை தீந்துட்டு. கதவக் கடிச்சிட்டுப் போயிட்டுட்டி!"

முறுக்குத் தூக்கோடு நானும் ஓடினேன். அமல்ராஜ் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்படி வாசல்படியில் நரி நின்றது, நார் வால் விறைத்து, சீப்புப் பல் அத்தனையும் தெரிய. உள்ளே தரையில் பிரிஸ்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆடு. முன்னால் ஒரு தட்டில் ஏழு காகிதக் குழந்தைகள், ஒன்றுக்கும் முகம் சரியில்லை, ஏழும் அவித்த உருளைக்கிழங்குபோல இருந்தன. அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

அவள் நரியைப் பார்த்தாள். பிறகு செலஸ்டினைப் பார்த்தாள்.

"இது நீங்க செஞ்சதா மைனி?" என்றாள். "வாலப் பாருங்களேன். ஒவ்வொரு நாரையும் தனித்தனியா சீவிருக்கீங்க. நரின்னாக்கூட உங்க கைக்கு இவ்ளோ அழகா வருது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது, மடியிலிருந்த ஆடு புசுபுசுவென்று எங்கள் கண் முன்னாலேயே ஒரு சுற்றுப் பெருத்தது.

செலஸ்டினும் அதைப் பார்த்தாள்.

"ஏட்டி, அது ஏன் பெருக்குது?"

பிரிஸ்கா முகத்தை மூடிக்கொண்டாள். "என்னால முடியல மைனி. கல்யாணமாகி வந்த நாள்லருந்து நான் என்ன சமைச்சாலும் உங்க தம்பி, எங்க அக்கா வைக்கிற மாதிரி இல்லங்கிறாரு. கோலம் போட்டா செலஸ்டின் கோலம், பூ கட்டுனா செலஸ்டின் கட்டு. அன்னிக்கு உங்க ஒட்டகத்தோட கழுத்தப் பாத்ததும் எனக்கு வயிறு பத்திக்கிச்சு. அந்த எரிச்சல்லதான் பஞ்ச அப்புனேன். எந்திரிச்சு நின்னுருச்சு. எல்லாரும் வந்து பாத்தாங்க, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, சொல்லாம இருந்துட்டேன். இப்ப குழந்தையச் செய்யச் சொல்றாங்க. குழந்தைய எப்படி மைனி எரிச்சலோட செய்ய முடியும்?"

நரி ஓர் அடி உள்ளே வைத்தது. நான் முறுக்குத் தூக்கை ஓங்கினேன்.

செலஸ்டின் அசையவில்லை. "என்னப் பாத்தாட்டி வயிறு எரிஞ்சுது?" என்றாள்.

"உங்களப் பாத்துதான்."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா மைனி."

செலஸ்டின் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வேறொருத்திக்குத் தன்னைப் பார்த்து வயிறு எரிந்தது என்று கேட்க அவளுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது, அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். கடிபட்ட விரலைக் காட்டினாள், காலித் தலையணைகளைச் சொன்னாள், மெத்தையைச் சொன்னாள், நரியை எதற்குச் செய்தாள் என்பதையும் சொன்னாள். பிரிஸ்கா வாயைப் பிளந்து கேட்டாள். "எனக்காகவா?" என்று அவளும் கேட்டாள், அவள் முகத்திலும் அதே இனிப்பு. பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அடுப்படியே அதிரச் சிரித்தார்கள்.

"கழுத்து ஒண்ணும் பெரிய வித்தை இல்லட்டி" என்றாள் செலஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஈரத்தாள கயிறு மாதிரி முறுக்கி, ஒரு சொம்புமேல சுத்திக் கட்டி ஒரு நாள் விட்டுரணும். காஞ்சதும் அவுத்தா வளைவு தானா வந்துரும். அவ்வளவுதான்."

பதினெட்டு வருஷம் வலது கைப்பக்கம் உட்கார்ந்தவள் நான். எனக்கு அவள் அதைச் சொன்னதில்லை. ஓங்கிய தூக்கை நான் மெதுவாக இறக்கிக்கொண்டேன்.

நரி உள்ளே வந்துவிட்டிருந்தது. ஆட்டை முகர்ந்தது, ஆடு நரியை முகர்ந்தது. நரி கொட்டாவி விட்டு ஆட்டின் முதுகில் மோவாயை வைத்துப் படுத்தது. வால் இரண்டு தடவை ஆடியது, பிறகு ஆடவில்லை. ஆட்டின் வாயில் பாதி தின்ற கல்யாணப் பத்திரிகை ஒன்று அப்படியே நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தேன், ஒன்று பஞ்சும் பெட்டியும், இன்னொன்று கவரும் நாரும்.

சாயங்காலத்துக்குள் குழந்தை முடிந்தது. நாலு கையும் சேர்ந்து செய்தது, பாதி முகம் செலஸ்டினின் பையன்கள் மாதிரியும் பாதி முகம் யார் மாதிரியும் இல்லாமலும் இருந்தது. பசைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள், நான் கொண்டு வந்தேன்.

அன்று நடுச்சாமப் பூசையில் சாமியார் குழந்தையை வைக்கோலில் கிடத்தியபோது கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குழந்தை அசையவில்லை, காகிதமாகவே கிடந்தது. எல்லாருக்கும் ஏமாற்றம்தான், ஆனால் அந்த ஏமாற்றத்தோடு சேர்ந்து ஒரு பெரிய நிம்மதி மூச்சும் கோயில் முழுவதும் கேட்டது, பெரிய வெள்ளியை நினைத்திருப்பார்கள். குடில் ஓரத்தில் முளைக்க வைத்த கேப்பைப் பயிருக்கு நடுவில் ஆடும் நரியும் கிடந்தன.

"ஆட்டுக்கு உயிர் போயிட்டா?" என்று கேட்டார் அருளப்பன் சார்.

"இல்ல சார், பசை காஞ்சிட்டு" என்றாள் செலஸ்டின்.

"குடில்ல நரி வச்சதே இல்லையேம்மா."

"இருந்துட்டுப் போட்டும் சார். எங்க வீட்டு நரிதான்."

மூன்று நாள் தெரு ஆட்டுக்காகத் துக்கமாக இருந்தது. நாலாம் நாள் காது வலிக்காரர்கள் காதுக்கு மருந்து வாங்கப் போனார்கள். பாடகர் குழுவில் அண்ணனுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. இப்போது கேட்டால், அப்படி ஓர் ஆடு இருந்ததே, நல்ல ஆடு என்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் இந்த வருஷத்துக் குடில் வேலை நடந்தது. அதே கூடம், அதே பாய், புதுத் தலையணைகள், புது மெத்தை. நான் கோயிலில் பூவை எடுத்து வைத்துவிட்டு வர ஐந்து நிமிஷம் பிந்திவிட்டேன். செலஸ்டினின் வலது கைப்பக்கம் பிரிஸ்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பெரிய தையல் கத்தரி இருந்தது, பாக்குவெட்டி மாதிரிப் பிடிக்கவில்லை, ஒழுங்காகவே பிடித்திருந்தாள். முன்னால் இரண்டு ஒட்டகம், எது யார் செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

"வாட்டி லில்லி, அங்க பிள்ளையளோட உக்காந்துக்கோ, எடம் இருக்கு" என்றாள் செலஸ்டின். நான் சிரித்த முகமாகவே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளுடைய மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கிடைத்தது. டிபன் டப்பா வந்தது, சீட்டு எடுத்தேன், கழுதை. அதற்கென்ன, எனக்குக் கழுதை செய்வதில் பத்தொன்பது வருஷப் பழக்கம். பெட்டியை வெட்டினேன், காலை வைத்தேன். அங்கே பிரிஸ்கா எதையோ காதில் சொன்னாள், செலஸ்டின் அவள் தொடையில் அடித்துச் சிரித்தாள். அப்படி என்னிடம் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது, பிறகு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் பொறாமை என்பது எனக்குக் கிடையாது. காதை ஒட்டினேன். கொஞ்சம் பசை கூடுதலாகவே அப்பினேன்.

கழுதையின் காது ஆடியது.

மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். மறு காதும் ஆடியது. என் மடியிலேயே அது நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்று, கழுத்தைத் திருப்பி, கூடத்தின் அந்தப் பக்கம் ஒரே கத்தரியில் இரண்டு பேர் கை வைத்திருப்பதை உற்றுப் பார்த்தது. சட்டென்று முந்தானையை இழுத்து அதை மூடினேன். மூடிவிட்டு, சிரித்த முகமாக, எல்லாரையும் பார்த்தேன்.

கழுதையாயிற்றே, சும்மா இருக்குமா. முந்தானைக்குள்ளிருந்து தெருக்கோடி வரை கேட்கிறாற்போல் ஒரு கத்துக் கத்தியது. கத்தரிக்கோல் எல்லாம் நின்றன. கூடம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எல்லாருக்கும் முன்னால், கையில் கத்தரியோடு, ஆச்சரியமே படாமல், செலஸ்டின் பார்த்தாள்.